கோஹிமா: ஒரு டென்னிஸ் கோர்ட், மூன்று போர்கள்

பழைய போர்க்களங்களைத் தேடிப் போவது எனக்கு நெடுநாள் பழக்கம். "அங்க போய் என்னத்தப் பார்ப்பீங்க? வெறும் மேடும் பள்ளமும்தானே இருக்கும்?" என்று கேட்காத உறவினர் இல்லை. கேள்வியில் நியாயம் இருக்கிறது. பல இடங்களில் பார்க்க ஒன்றும் இருக்காது. பானிபட்டில் மராட்டியரும் அப்தாலியும் 1761இல் மோதிய இடத்தில் காலா ஆம்ப் என்ற நினைவிடம் இருக்கிறது, அவ்வளவுதான். வாட்டர்லூவில் 1826இல் ஒரு செயற்கைக் குன்று எழுப்பி உச்சியில் சிங்கச் சிலையை வைத்தார்கள். அதற்காக மண்ணை வெட்டி எடுத்ததில் வெலிங்டனின் படை நின்ற மேட்டின் உருவமே மாறிப்போனது. நினைவுச்சின்னம் கட்டப் போய், எதை நினைவில் வைக்க வேண்டுமோ அதையே கரைத்துவிட்டார்கள்.

இருந்தும் போகிறேன். புத்தகத்தில் "குன்றைக் கைப்பற்றினார்கள்" என்று ஒரே வரியில் முடிந்துபோகிற விஷயம், அந்தக் குன்றில் மூச்சு வாங்க ஏறும்போதுதான் உடம்புக்குப் புரிகிறது. வெறுங்கையோடு ஏறவே இவ்வளவு கஷ்டம். துப்பாக்கியும் தோட்டாவும் சுமந்து, மழையில், மேலேயிருந்து சுடுகிறவனுக்கு நேரே ஏறியவன் எப்படி ஏறியிருப்பான்? இந்தக் கேள்வியைப் படுக்கையில் சாய்ந்து படிக்கும்போது நான் கேட்டுக்கொண்டதே இல்லை.

அப்படிப் போன இடங்களில் என்னை அதிகம் உலுக்கியது நாகாலாந்தின் கோஹிமா. அதைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்திருந்தேன்.

ஸ்டாலின்கிராட் நமக்குத் தெரியும். நார்மண்டியைச் சினிமாவிலாவது பார்த்திருப்போம். நம் நாட்டுக்குள்ளேயே, ரயிலும் பஸ்ஸும் ஏறிப் போய்விடக்கூடிய ஊரில், இரண்டாம் உலகப் போரின் மிகக் கொடிய சண்டைகளில் ஒன்று நடந்தது என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? 2013இல் லண்டனின் தேசிய ராணுவ அருங்காட்சியகம் ஒரு வாக்கெடுப்பு நடத்தியது. பிரிட்டன் போரிட்டதிலேயே ஆகப் பெரிய போர் எது என்பது கேள்வி. வாட்டர்லூவையும் நார்மண்டியையும் தாண்டி இம்பால்-கோஹிமா முதலிடத்துக்கு வந்தது. அங்கே பிரிட்டிஷ் தரப்பில் போரிட்ட படையில் பெரும்பகுதி இந்தியச் சிப்பாய்கள். நடந்தது நம் மண்ணில். நாம்தான் அதை மறந்துவிட்டு உட்கார்ந்திருக்கிறோம்.

நடந்தது இதுதான். 1944 மார்ச்சில், பர்மாவைப் பிடித்து வைத்திருந்த ஜப்பானின் 15ஆவது படை, ஜெனரல் முத்தகுச்சியின் தலைமையில் பர்மாவின் சிந்த்வின் ஆற்றைக் கடந்து மணிப்பூருக்குள் வந்தது. மூன்று வாரத்தில் இம்பால் விழுந்துவிடும், அங்கிருக்கும் உணவுக் கிடங்குகள் தங்கள் கைக்கு வந்துவிடும், அதை வைத்து மேலே போகலாம் என்பது அவர் கணக்கு. அதனால் சிப்பாய்களிடம் ஏறக்குறைய மூன்று வார உணவுதான் இருந்தது. இறைச்சிக்காக ஆயிரக்கணக்கான மாடுகளையும் ஓட்டிக்கொண்டு வந்தார்கள். அவற்றில் பெரும்பாலானவை ஆற்றிலும் மலையிலும் செத்தொழிந்தன.

இந்தப் படையின் ஒரு பிரிவு, ஜெனரல் சாட்டோவின் 31ஆவது டிவிஷன், வடக்கே கோஹிமாவை நோக்கி வந்தது. பாதையே இல்லாத மலைக்காட்டில் ஒரு முழு டிவிஷன் வந்து சேராது என்று பிரிட்டிஷ் தளபதி வில்லியம் ஸ்லிம் நம்பியிருந்தார். சுமார் 15,000 பேர் வந்து சேர்ந்தார்கள். ஏப்ரல் 4ஆம் தேதி சண்டை தொடங்கியபோது கோஹிமா மலைமுகட்டைக் காக்க இருந்தவர்கள் ஏறக்குறைய 2,500 பேர். அதிலும் ஆயிரம் பேர் சண்டையிடாத பணியாளர்கள்.

ஏன் கோஹிமா? திமாப்பூரிலிருந்து மலையேறிப் போனால் புரிந்துவிடும். திமாப்பூர் சமவெளி. அப்போது ரயில் அங்கேதான் வந்தது, ராணுவக் கிடங்குகளும் அங்கேதான் இருந்தன. அங்கிருந்து இம்பாலுக்குப் போகும் ஒரே சாலை எழுபத்து நான்கு கிலோமீட்டர் வளைந்து வளைந்து ஏறி, கோஹிமா முகட்டின் இடுக்கு வழியாகத்தான் மறுபக்கம் இறங்குகிறது. முகடு யார் கையில் இருக்கிறதோ, சாலை அவர் கையில். நான் ஷேர் சுமோவில் போனேன். மண்சரிவில் சாலை குறுகியிருந்த ஒரு வளைவில் எதிர்லாரி ஒதுங்குவதற்காக நின்றபோது, மேலே தெரிந்த மலையை அண்ணாந்து பார்த்தேன். அந்த ஒரு பார்வைக்கே, அதுவரை படித்த வரைபடங்கள் எல்லாம் எழுந்து நின்றுவிட்டன.

கோஹிமாவில் இறங்கினால் முதலில் குழப்பம்தான் வரும். 1944இன் புகைப்படங்களில் மொட்டையாக, எரிந்த மரங்களோடு இருக்கும் குன்றுகள் இன்று வீடுகளும் கடைகளும் அரசு அலுவலகங்களுமாக நெருங்கிக் கிடக்கின்றன. ஜெயில் ஹில், ஜிபிடி ரிட்ஜ், எஃப்எஸ்டி, குக்கி பிக்கெட் என்று சிப்பாய்கள் பெயர் வைத்த மேடுகள் எல்லாம் இந்த நெரிசலுக்குள்ளேதான் இருக்கின்றன. தெற்கிலிருந்து வடக்காக இந்த முகடு நெடுக நடந்துவிடலாம். நடந்தேன். ஜப்பானியர் முகட்டைப் பதினைந்து நாள் முற்றுகையிட்டார்கள். அதில் இந்தக் குன்றுகள் ஒவ்வொன்றாக விழுந்து, காவல்படை கடைசியில் கேரிசன் ஹில் என்ற ஒரே மேட்டுக்குள் ஒடுங்கிப்போனது. குடிநீர் வந்துகொண்டிருந்த இடம் ஆரம்பத்திலேயே ஜப்பானியர் கைக்குப் போய்விட்டது. வடசரிவில் ஒரு சிறு ஊற்றைக் கண்டுபிடித்தார்கள், அதற்கும் இரவில் மட்டுமே போக முடிந்தது. விமானத்திலிருந்து போட்ட பொருட்களில் கணிசமானவை எதிரியின் பக்கம் விழுந்தன. காயம்பட்டுப் படுத்திருந்தவர்கள் படுத்த இடத்திலேயே மறுபடி குண்டடிபட்டார்கள். ஓடி ஒளிய அந்த மேட்டில் மறைவே இருக்கவில்லை.

டென்னிஸ் கோர்ட் இங்கேதான் வருகிறது. கேரிசன் ஹில்லின் ஒரு சரிவில் துணை ஆணையர் சார்லஸ் பாசியின் பங்களா இருந்தது. மலையைப் படிப்படியாக வெட்டிய தளங்களில் ஒன்றில் பங்களா, அதற்கு மேல்தளத்தில் அவருடைய டென்னிஸ் கோர்ட். ஏப்ரல் இரண்டாம் வாரம் பங்களா விழுந்தது. அதன் பிறகு கோர்ட்டின் ஒரு ஓரத்தில் ஜப்பானியர், மறு ஓரத்தில் பிரிட்டிஷ், இந்தியச் சிப்பாய்கள். நடுவில் ஒரு கோர்ட் அகலம்தான். பந்து போக வேண்டிய இடத்தில் கையெறி குண்டுகள் பறந்தன. ஏப்ரல் 18ஆம் தேதி உதவிப்படை வந்து முற்றுகை உடைந்த பிறகும் இந்தக் கோர்ட்டின் சண்டை ஓயவில்லை. மே 13ஆம் தேதி, சரிவில் புல்டோசரால் பாதை வெட்டி ஒரு டாங்கியை மேலே ஏற்றி, கோர்ட்டிலேயே இறக்கி, பதுங்குகுழிகளை நேருக்கு நேர் சுட்ட பிறகுதான் முடிந்தது.

இன்று கோர்ட்டின் கோடுகளை வெள்ளைக் கான்கிரீட்டில் போட்டு வைத்திருக்கிறார்கள். புல்தரை பச்சைப்பசேல் என்று இருக்கிறது. ஒரு கோட்டிலிருந்து எதிர்க்கோட்டுக்கு நடந்து பாருங்கள், சில மூச்சுகளில் போய்விடலாம். ஒருவர் இருமினால் மற்றவருக்குக் கேட்கும் தூரம் அது. எதிரியின் முகம் தெரியும், சமைக்கிற வாசனை வரும். அப்படி ஒரு மாதத்துக்கு மேல்! துப்பாக்கிச் சண்டை என்றால் தூரத்திலிருந்து சுடுவது என்று எனக்குள் இருந்த படம் அந்தப் புல்தரையில் நின்றபோது அழிந்துவிட்டது.

கோர்ட்டையும் பங்களாவையும் சுற்றியிருந்த தளங்கள்தான் இப்போது கோஹிமா போர்க் கல்லறைத் தோட்டம். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் பராமரிக்கிறது. 1,420 பேர் இங்கே புதைக்கப்பட்டிருக்கிறார்கள். தோட்டத்தின் உயரமான பகுதியில், தங்கள் சமய முறைப்படி எரியூட்டப்பட்ட 917 இந்து, சீக்கியச் சிப்பாய்களுக்கான நினைவுச்சின்னம் இருக்கிறது. கீழ்வாசலிலேயே படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறவர்களை நிறையப் பார்த்தேன். தயவுசெய்து மேலே வரை ஏறுங்கள். அந்த 917 பெயர்களையும் யாராவது போய்ப் படிக்க வேண்டும்.

பெயர்ப்பலகைகளில் வயதைப் பார்த்துக்கொண்டே போனேன். பத்தொன்பது, இருபது, இருபத்தொன்று. என் தம்பி மகன் கல்லூரியில் படிக்கிற வயது. சில பலகைகளின் அடியில் குடும்பத்தார் எழுதச் சொன்ன ஒரு வரி இருக்கிறது. அவற்றை இங்கே எழுத எனக்கு மனம் வரவில்லை, அவை அந்த வீட்டாருக்குச் சொந்தம். ஜான் ஹார்மன் என்ற லான்ஸ் கார்ப்பரலின் கல்லறையும் இங்கே இருக்கிறது. லண்டி என்ற தீவுக்கே சொந்தக்காரரான செல்வந்தரின் மகன். எதிரியின் இயந்திரத் துப்பாக்கி நிலையைத் தனியாளாகப் போய் அடக்கியவர், மறுநாள் மறுபடி தனியாகப் பாய்ந்து ஐந்து பேரைக் கொன்றுவிட்டுத் திரும்பும் வழியில் ஏப்ரல் 9ஆம் தேதி இறந்தார். விக்டோரியா கிராஸ் கொடுத்தார்கள். வீரம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த ஐந்து பேருக்கும் பெயர் இருந்திருக்கும் என்ற நினைப்பு அந்தக் கல்லறை முன்னால் நின்றபோது வந்தது, போகவே இல்லை.

ஜப்பானியர்களுக்கு இங்கே இப்படி ஒரு தோட்டம் கிடையாது. மே கடைசியில், சோறும் தோட்டாவும் தீர்ந்த நிலையில், ஜெனரல் சாட்டோ மேலதிகாரியின் உத்தரவை மீறித் தன் டிவிஷனைப் பின்வாங்கச் செய்தார். ஜப்பானிய ராணுவத்தில் கேள்விப்படாத செயல் அது. பட்டினியில் சாக விடுவதற்குத் தன் ஆட்களைக் கூட்டி வரவில்லை என்று அவர் முடிவெடுத்ததாகவே நான் இதைப் புரிந்துகொள்கிறேன், அந்தப் போரில் நான் மதிக்கும் முடிவுகளில் இது ஒன்று. ஆனாலும் காலம் கடந்துவிட்டது. பருவமழையில், சேற்றில், வயிற்றுப்போக்கிலும் மலேரியாவிலும் வழிநெடுக விழுந்தார்கள். இம்பால், கோஹிமா இரண்டையும் சேர்த்து ஜப்பானியத் தரப்பில் இறந்தவர்கள் சுமார் 30,000 பேர். குண்டில் செத்தவர்களைவிடப் பசியிலும் நோயிலும் செத்தவர்கள்தான் அதிகம்.

அவர்களுடைய குடும்பத்தார் பின்னாளில் இங்கே தேடி வந்தார்கள். அரதுரா குன்றின் மேல் ஒரு கத்தோலிக்கப் பேராலயம் இருக்கிறது. கடைசிக் கட்டச் சண்டை நடந்த குன்று அது. பேராலயம் கட்ட, இறந்த ஜப்பானியச் சிப்பாய்களின் குடும்பங்களும் நன்கொடை கொடுத்திருக்கின்றன. பிரிட்டிஷ் 2ஆவது டிவிஷனின் முன்னாள் சிப்பாய்கள் நாகா குழந்தைகளின் படிப்புக்காகக் கோஹிமா கல்வி அறக்கட்டளை என்று ஒன்றைத் தொடங்கினார்கள். சுட்டுக்கொண்ட இரண்டு தரப்பும் இந்த ஊருக்குக் கடன்பட்டதாக நினைத்தது. ஏன் என்று யோசித்தால், ஊர்க்காரர்களிடம் போய் நிற்க வேண்டும்.

நான் தங்கிய வீட்டுக்கார அம்மா அங்காமி நாகா. எழுபது வயதுக்கு மேல் இருக்கும். டென்னிஸ் கோர்ட்டைப் பார்த்துவிட்டு வந்ததைச் சொன்னேன். பால் விடாத டீயைக் கையில் கொடுத்துவிட்டு, "எங்க ஊரைப் பார்த்தீங்களா?" என்று கேட்டார். அவர் கேட்டது நகரத்துக்கு மேலே இருக்கும் கோஹிமா கிராமத்தை. ஜப்பானியர் முதலில் பிடித்தது அதைத்தான். ஏப்ரல் தொடக்கத்திலிருந்து ஜூன் வரை அங்கே சண்டை. பீரங்கியும் விமானமும் அடித்து ஊரையே தரைமட்டமாக்கின. அந்த அம்மாவின் தாயார் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் போயிருக்கிறார். திரும்பி வந்தபோது வீடும் இல்லை, நெல் வைத்திருந்த குதிரும் இல்லை, மாடும் இல்லை. "சண்டை எங்களோடது இல்ல. செத்தது எங்க ஆளுங்களும்தான்" என்றார். கோபமில்லாமல்தான் சொன்னார்.

இதற்குப் பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. நாகாக்கள் அந்தப் போரில் வழிகாட்டினார்கள், சுமை தூக்கினார்கள், குண்டு பறக்கும் சரிவுகளில் காயம்பட்டவர்களைச் சுமந்து இறக்கினார்கள். தளபதி ஸ்லிம் அவர்களை மனம் திறந்து பாராட்டி எழுதியிருக்கிறார். அஸ்ஸாம் ரெஜிமென்டில் சிப்பாய்களாகவும் சண்டையிட்டார்கள். ஆனால் கல்லறை ஆணையத்தின் கணக்கு படைவீரர்களுக்கான கணக்கு. நெல்லைப் பறிகொடுத்துப் பட்டினியில் போன கிழவிக்கும், காட்டில் காய்ச்சலில் போன பிள்ளைக்கும் அதில் இடமில்லை. பிரான்சில் வெர்டுன் அருகே ஃப்ளூரி என்ற கிராமம் 1916இல் அடியோடு அழிந்தது. அந்தக் கிராமத்தையே பிரான்சுக்காக உயிர்நீத்த ஒன்றாக அறிவித்தார்கள். ஆள் இல்லாத அந்த ஊருக்கு இன்றும் மேயர் உண்டு. கோஹிமா கிராமத்து மக்களோ தாங்களே கல் சுமந்து, மரம் அறுத்து, ஊரை மறுபடி கட்டிக்கொண்டார்கள்.

மறுநாள் கோனோமாவுக்குப் போனேன், கோஹிமாவுக்கு மேற்கே சுமார் இருபது கிலோமீட்டர். அந்த அம்மாதான் போகச் சொன்னார். அடுக்கடுக்கான நெல்வயல், கல்பாவிய பாதை, மேலே ஒரு கோட்டை. 1879 அக்டோபரில் டேமன்ட் என்ற பிரிட்டிஷ் அதிகாரி படையோடு இந்த ஊருக்குள் வர முயன்றபோது வாசலிலேயே சுட்டுக்கொல்லப்பட்டார். அதைத் தொடர்ந்து நாகாக்கள் கோஹிமாவின் பிரிட்டிஷ் முகாமை முற்றுகையிட்டார்கள். ஆமாம், கோஹிமாவின் முற்றுகை என்றால் உலகம் 1944ஐச் சொல்கிறது. அதற்கு 65 வருடம் முன்பே அங்கே ஒரு முற்றுகை நடந்திருக்கிறது, உள்ளே பிரிட்டிஷார், வெளியே மண்ணின் மைந்தர்கள். நவம்பரில் பிரிட்டிஷ் படை கோனோமாவைத் தாக்கியது, சண்டை 1880 மார்ச் வரை இழுத்தது.

அதே கோனோமாவில் பிறந்தவர்தான் ஃபிஸோ. நாகா தேசிய கவுன்சிலின் தலைவர், நாகா தனிநாட்டுக் கோரிக்கையின் முகம், 1990இல் லண்டனில் இறந்து கோஹிமாவில் புதைக்கப்பட்டவர். 1950களின் நடுவில் இந்திய ராணுவத்துக்கும் நாகா ஆயுதக் குழுக்களுக்கும் சண்டை மூண்டது. 1958இல் ஆயுதப்படை சிறப்பு அதிகாரச் சட்டம் வந்தது, 1963இல் நாகாலாந்து மாநிலம் உருவானது. சண்டை நிறுத்தங்களும் பேச்சுவார்த்தைகளும் இன்றுவரை தொடர்கின்றன. கோனோமாவில் அந்தப் போராட்டத்தில் இறந்த ஊர்க்காரர்களுக்குக் கல் வைத்திருக்கிறார்கள். ஆக, அங்கே ஒரு பெரியவரிடம் போர்க்காலத்தைப் பற்றிக் கேட்டால், எந்தப் போர் என்று அவர் திருப்பிக் கேட்பார். 1879, 1944, பிறகு 1950கள் என்று மூன்று போர்கள். வந்தவர்கள் எல்லாரும் ஊர்களை அழித்தவர்கள்தான். அந்த மூன்றாவது போரில் ராணுவ உடையில் வந்தது நம் நாடு. இந்தியன் என்ற முறையில் எனக்கு அங்கே நிற்பது சுலபமாக இல்லை, சுலபமாக இருக்கவும் கூடாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கோர்ட்டின் ஓரங்களில் குண்டு வீசிக்கொண்டிருந்த அதே ஏப்ரலில், 14ஆம் தேதி, இம்பாலுக்குத் தெற்கே மொய்ராங்கில், ஜப்பானியர் பக்கம் நின்று போரிட்ட இந்திய தேசிய ராணுவம் கொடி ஏற்றியது. மலேயாவின் ரப்பர் தோட்டங்களில் பால் வெட்டிக்கொண்டிருந்த தமிழர்கள் பலர் அந்தப் படையில் சேர்ந்தார்கள். பர்மா போர்முனையில் பிரிட்டிஷ் பக்கம் மெட்ராஸ் சாப்பர்ஸின் தமிழர்கள் பாலம் கட்டிக்கொண்டிருந்தார்கள். நம் ஆட்கள் இரண்டு பக்கமும் இருந்த போர் இது. நம் ஊர்ப் பாட்டன் ஒருவருக்கு அங்கே என்ன நேர்ந்தது என்று தெரியாத குடும்பங்கள் தமிழ்நாட்டிலும் மலேசியாவிலும் இருக்கின்றன. அதனால் கோஹிமா நமக்குத் தொலைதூரத்து ஊர் இல்லை. மொய்ராங்குக்கும் போக ஆசைதான். மணிப்பூரில் 2023 மே மாதம் வெடித்த வன்முறைக்குப் பிறகு, அங்கிருக்கும் மக்கள் நிம்மதியாகட்டும், பிறகு போகலாம் என்று விட்டுவிட்டேன்.

போக விரும்புகிறவர்களுக்கு: நாகாலாந்துக்குள் போக இன்னர் லைன் பர்மிட் வேண்டும், இணையத்தில் விண்ணப்பித்துப் பெறலாம். குவாஹாட்டியிலிருந்து ரயிலில் திமாப்பூர், அங்கிருந்து ஷேர் சுமோ. டிசம்பர் 1 முதல் 10 வரை ஹார்ன்பில் திருவிழா. அந்த நாட்களில் கூட்டம் அதிகம், அறை கிடைப்பது கஷ்டம். திருவிழா நடக்கும் கிஸாமாவிலேயே இரண்டாம் உலகப் போர் அருங்காட்சியகம் இருக்கிறது, பார்த்துவிட்டு நகரத்துக்குப் போனால் குன்றுகளை அடையாளம் காண உதவும். ஜூன், ஜூலையில் மண்சரிவு உண்டு. கல்லறைத் தோட்டத்தில் கல்லறைகள் மேல் உட்காராதீர்கள், சத்தம் போட்டு ரீல்ஸ் எடுக்காதீர்கள்.

முக்கியமான வேண்டுகோள் இது. வழிகாட்டி வைத்துக்கொள்வதானால் உள்ளூர் நாகாவை வைத்துக்கொள்ளுங்கள். டென்னிஸ் கோர்ட்டோடு நிற்காமல் கோஹிமா கிராமத்துக்கும் கோனோமாவுக்கும் போங்கள். அங்கே வயதானவர் யாரையாவது பார்த்தால், அவசரமில்லாமல் உட்கார்ந்து, அவர்கள் வீட்டில் 1944இல் என்ன நடந்தது என்று கேளுங்கள். அவர்கள் சம்மதித்தால் பதிவு செய்து, அந்தப் பதிவை அவர்கள் பேரப்பிள்ளைகளிடமே கொடுத்துவிட்டு வாருங்கள். அன்று பத்து வயதாக இருந்தவர்கள் இன்று தொண்ணூறைத் தாண்டிவிட்டார்கள். சீக்கிரம் போங்கள்.